விடயம்: மாங்கன்றை இடம் மாற்றித் தருவதாகக் காசு வாங்கிக் கன்றைப் பாழாக்கியமை

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் திருகோணமலைக் கிளையுடன் கதைத்துக் கதைத்துக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

உப்புவெளியில் எங்கள் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று பற்றியது. குசினியை நீட்டிக் கட்டியதில் கன்று சுவருக்கு மூன்றடிக்குள் வந்துவிட்டது. வெட்ட மனமில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. அதனால்தான் வேரைச் சுற்றிய மண் கலையாமல் கன்றைத் தூக்கி வேறிடத்தில் நட்டுத் தரும் உங்கள் ‘வேர்மண்ணோடு’ பக்கேஜுக்கு முழுக்காசும் முன்னமே கட்டினேன். அதில் என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் வந்தவர்கள் சுற்றிவரக் கான் வெட்டிப் பக்கவேர்களை அறுத்தார்கள். புதுவேர் விட்டதும் வந்து தூக்குவோம் என்றார்கள். சரி, முறையான வேலைதான். ஆனால் கானை மூடாமல் போய்விட்டார்கள். ஆடி மாதம், கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கிற நேரம். அறுத்த வேர் காயக் காய நான்தான் சாக்கை நனைத்துப் போர்த்தினேன்.

கேட்கப் போனால் உங்கள் வரவேற்பில் இருக்கிற தம்பி ஃபோனை விட்டுத் தலை நிமிரவில்லை. “மாமரம்தானே அன்ரி, சந்தையில புதுசு ஒண்டு வாங்கி நடுங்கோவன்.” இப்படித்தான் வாடிக்கையாளருடன் கதைக்கப் பழக்கியிருக்கிறீர்களா? பற்றுச்சீட்டில் கந்தளாய்க் கிளை முத்திரை இருக்கிறதாம், அங்கே போகட்டாம். வெயிலுக்குள் 40 கிலோமீற்றர் பஸ்ஸில் போனேன். அங்கே, “உங்கட ஃபைல் திருகோணமலையிலதான் இருக்கு” என்றார்கள். ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை.

கடைசியில் ஒரு மண்வெட்டியோடு இரண்டு பெடியன்கள் வந்தார்கள். அலவாங்கு இல்லை, வேர்மண்ணைக் கட்டச் சாக்கும் இல்லை. எங்கள் மண் மணல் கலந்தது. கட்டாமல் தூக்கினால் நிற்குமா? தண்டைப் பிடித்து ஆட்டி இழுத்ததில் மண் முழுக்கக் கொட்டிவிட்டது. ஆணிவேரை மண்வெட்டியாலேயே கொத்தினார்கள். கிணற்றடியில் நட்டபோது, மண்ணுக்கு மேலே நிற்க வேண்டிய ஒட்டுக்கட்டு, அதாவது ஒட்டிய இடம், மண்ணுக்குள் போய்விட்டது. சொன்னேன், கேட்கவில்லை. இலையைக் குறைக்கவில்லை, நிழலுக்கு ஒரு கிடுகுகூட வைக்கவில்லை.

அந்தத் தம்பி சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. புதுசு வாங்கி நடுவதென்றால் உங்களுக்கு எதற்குக் காசு?

இப்போது இலை முழுக்கக் கருகிவிட்டது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் கொப்புகளில் பச்சை இல்லை, ஒட்டுக்கு மேலே விரலளவு பச்சைதான் மிச்சம். ஒட்டுக்குக் கீழே இருப்பது வேறு மாவின் தண்டு, அங்கே துளிர்த்தால் அது கறுத்தக்கொழும்பானே இல்லை. நாலு தலைமுறைக்குப் பழம் தரவேண்டிய மரம் ஐயா. உங்கள் கம்பனியை விற்றாலும் இதற்கு ஈடாகாது.

தயவுசெய்து வேலை தெரிந்த ஒருவரை உடனே அனுப்பி, ஒட்டை மண்ணுக்கு மேலே எடுத்து நிழல் போட்டுத் தாருங்கள். பிழைக்காவிட்டால் கட்டிய காசு முழுவதும், அதே இனத்தில் அதே வளர்த்திக் கன்றும் வேண்டும். இந்தக் கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கவும் தெரியும். பற்றுச்சீட்டும் படங்களும் கைவசம் உண்டு.

பதிலை எழுத்தில் தாருங்கள். அந்தத் தம்பியை மட்டும் என் வளவுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உப்புவெளி வாடிக்கையாளர்