சும்மா பெயர் வைப்பதா? தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வேளாண் பல்கலைக்கழகங்களின் பேராசிரியர் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். அண்மையில் நடந்த ஒரு நேர்காணலில், என் மாணவி முதன்முதலாக விவரித்துப் பெயரிட்ட புதிய ஒட்டுண்ணிக் குளவிகள் (பிற பூச்சிகளில் முட்டையிட்டு அவற்றைக் கொல்பவை) பற்றிய கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்த உங்களில் ஒருவர், "சும்மா பேர் வெச்சதுதானே, இதுல ஆராய்ச்சி எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அவை வெளிவந்த ஆய்விதழ்களின் தாக்கக் குறியீடு, அதாவது அவற்றின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு, குறைவாம். மதிப்பெண் கிடைக்கவில்லை.

அந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நுண்ணோக்கியில் பார்க்க ஸ்லைடு போட, முதலில் காரக் கரைசலில் வைத்து உள்ளிருக்கும் சதையைக் கரைக்க வேண்டும். ஆல்கஹாலில் படிப்படியாக ஈரம் போக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவிட்டு, நுண்ணூசியால் தலை, இறக்கை, உணர்கொம்பு என்று பிரித்து கனடா பால்சம் என்ற பிசினில் பதிக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் மின்விசிறி போட முடியாது. ஒரு தும்மல் வந்தால் மாதிரி போச்சு. அப்புறம் உணர்கொம்பின் கணுக்களை அளந்து, ஏற்கெனவே விவரிக்கப்பட்ட நெருங்கிய இனங்களோடு ஒப்பிட வேண்டும். அவற்றின் மூலமாதிரிகள் (முதன்முதலில் பெயர் வைக்க அடிப்படையாக இருந்த மாதிரிகள்) பலவும் லண்டனிலோ வாஷிங்டனிலோ இருக்கின்றன. போய்ப் பார்க்கப் பணம் எப்படிக் கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

புதிய இன விவரிப்பை ஆராய்ச்சியாகக் கணக்கில் எடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

1970களில் மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்தபோது, அதன் இயற்கை எதிரியைத் தென்னமெரிக்காவின் வடபகுதியில் தேடினார்கள். கிடைத்ததோ பார்வைக்கு அதே போன்ற வேறொரு பூச்சி. அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியை அடக்க உதவவில்லை. தேடல் தெற்கே திரும்பி, 1981இல் பராகுவேயில்தான் சரியான பூச்சியும், அதைத் தாக்கும் அனாகைரஸ் லோபெசி குளவியும் கிடைத்தன. 2020இல் அந்த மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு நம் மரவள்ளிக்கும் பரவியபோது, வரவழைத்ததும் அதே குளவியைத்தான்.

பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கிய வெற்றிக்கதையை வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். அதை அடக்க 2010இல் இங்கே வரவழைத்த குளவிக்கு 2003இலேயே யாரோ "சும்மா பேர்" வைத்திருந்தார்கள். தாக்கக் குறியீடு வயலில் இறங்கி மாவுப்பூச்சியை ஒழிக்குமென்றால், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சரி, கோபம் ஒருபக்கம் இருக்கட்டும். அடுத்த அறிவிக்கை வருமுன் மதிப்பெண் அட்டவணையில் இன விவரிப்புக்கு ஒரு வரி சேருங்கள். பூச்சி வகைப்பாடு தெரிந்த ஒருவரையாவது குழுவில் அமர்த்துங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பூச்சியியல் ஆசிரியர்