வாடகை வீட்டை எங்கள் வீடாக்கித் தந்தவர்களுக்கு

கோவை கணபதியில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், உக்கடத்திலும் பவானியிலும் இருந்து எங்களுக்காக மெனக்கெட்டவர்களுக்கும் வணக்கம்.

நானும் என் தங்கையும் எங்கள் பேரில் எடுத்த முதல் வீடு இது. அதற்கு முன் நான் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் இருந்தேன், அவள் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சின்னச் சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. அட்வான்ஸ், வண்டிக்கூலி, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் போகக் கையில் நின்றது 12,000 ரூபாய். அதற்குள் உட்கார ஓர் இடம், தங்கை படிக்க ஒரு மேசை, ஜன்னலுக்குத் திரை, விளக்கு, சாமான் வைக்க அலமாரி என்று எல்லாம் வேண்டியிருந்தது.

"வாடகை வீடுதானே, அதுக்கெதுக்குச் செலவு? நாளைக்கே காலி பண்ணிட்டுப் போகணும்" என்று சொன்னவர்கள் நிறைய. இந்தப் பேச்சை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சொந்த வீடு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை எண்ணெய்க் கறை படிந்த சுவரையும் அட்டைப்பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு வாழ வேண்டுமா? மாதம் பிறந்தால் வாடகை கொடுத்து வாழ்கிற வீடும் வாழ்கிற வீடுதான். உங்களில் ஒருவர்கூட எங்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் வீட்டுக்காரம்மாவுக்கு. பெண்பிள்ளைகள் மட்டும் என்றதுமே சில இடங்களில் கதவைத் திறக்கும்போதே முகம் மாறிவிடும். சில இடங்களில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்கள். நீங்கள் எங்களை உட்கார வைத்து, காபி கொடுத்து, அம்மாவிடம் போனில் பேசிவிட்டு, மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்றீர்கள். 2019-ல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் அட்வான்ஸுக்கு அந்த அளவைத்தான் சொல்கிறது. ஆனால் அதை அப்படியே பின்பற்றுகிற வீட்டுக்காரர்களை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. அந்த 12,000 மிச்சமானதே உங்களால்தான். கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் எங்கள் விருப்பம்போல வண்ணம் அடிக்கலாம், ஆணிக்குப் பதில் டிரில் போட்டு ஸ்க்ரூ முடுக்கலாம், காலி செய்யும்போது ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நீங்களே ஒரு வரி சேர்த்தீர்கள். "உங்க வீடு மாதிரி வெச்சுக்கோங்க கண்ணு" என்று வாயால் சொல்பவர்கள் உண்டு. நீங்கள் அதை எழுதியே கொடுத்தீர்கள். புதிதாக வாடகைக்குப் போகிற யாரும் இப்படி ஒரு வரியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது என்று சொல்வேன்.

அடுத்து பெயிண்டர் அண்ணனுக்கு. மூன்றாம் மாடி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தீர்கள். எங்கள் ஒற்றைச் சுவரையும் கூலி பேசி முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் கையில் இருந்த காசைக் கேட்டதும், "நீங்களே அடிச்சுக்கலாம், நான் சொல்லித் தர்றேன்" என்றீர்கள். சாப்பாட்டு இடைவேளைகளை எங்களுக்காக விட்டுக்கொடுத்துச் சொல்லித் தந்தீர்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்க்கச் சொன்னது நினைவிருக்கிறதா? கை வெள்ளையானது. "இது பழைய டிஸ்டெம்பர். பவுடர் ஒட்டுதுல்ல, இது மேல நீங்க எவ்வளவு ஒசந்த பெயிண்ட் அடிச்சாலும் தோல் மாதிரி உரிஞ்சு வந்துரும்" என்றீர்கள். அதனால் முதல் வேலை சுரண்டுவது. தகடு வைத்துச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, விரிசலில் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, துணியால் தூசியைத் துடைத்து, அடிப்பூச்சாக பிரைமர் ஒரு கோட். அதற்குப் பிறகுதான் சுவர் பெயிண்டான எமல்ஷன் டப்பாவைத் திறக்கவே விட்டீர்கள். பெயிண்ட் அடிப்பது என்றால் ரோலரை உருட்டுவது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முக்கால்வாசி வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வண்ண விஷயத்தில் நீங்கள் சொன்னது இன்னும் பெரிய உதவி. கலர் எமல்ஷன் வாங்காமல், வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர் வாங்கி, அதில் மஞ்சள் ஆக்சைடு ஸ்டெய்னரை, அதாவது நிறம் சேர்க்கும் சாயத்தை, சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கச் சொன்னீர்கள். ஈரத்தில் இருக்கும் நிறம் வேறு, காய்ந்தபின் வரும் நிறம் வேறு என்பதால், அட்டையில் தடவி, விசிறிக்கடியில் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறையும் பார்க்கச் சொன்னீர்கள். சுவர் முழுவதற்கும் தேவையானதை ஒரே வாளியில் கலந்துவிட வேண்டும், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது என்றும் எச்சரித்தீர்கள். பத்துக்குப் பத்தடிச் சுவருக்கு ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று எங்கள் கூடத்தில் காலை வெயில் அந்தச் சுவரில் விழும்போது அறையே வெதுவெதுப்பாகத் தெரிகிறது.

ஜன்னல் கம்பியில் இருந்த பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. தூசி பறக்காது என்பதற்காகச் சொன்னீர்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு அண்ணா. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில், அதுவும் இரும்புக்கு அடிக்கும் எனாமலில், ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். நீங்களும் வேலை நேரத்தில் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இதை உங்கள் தங்கை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

லேத் பட்டறை முதலாளி ஐயாவுக்கு: வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்திறங்கிய மரப் பலகைத் தட்டுகள், அதாவது பேலட்கள், உங்கள் பட்டறை வாசலில் அடுக்கிக் கிடந்தன. விறகுக்குப் போக இருந்தவை. கேட்டதும், "எடுத்துட்டுப் போங்க அம்மணி, காசெல்லாம் வேண்டாம்" என்றதோடு, உங்கள் பையன்களை விட்டு இரண்டாம் மாடிவரை தூக்கிவந்தும் போட்டீர்கள். அதில் கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரை குத்தியிருக்கும் என்றும், 'HT' என்று இருக்கும் தட்டை எடுக்க வேண்டும், 'MB' என்று இருப்பதை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்றும் காட்டித் தந்தவரும் நீங்கள்தான். முன்னது மரத்தின் உள்பாகம் 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் இருக்கும்படி சூடேற்றப்பட்டது. பின்னது மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு போட்டுப் பூச்சி கொன்றது. எண்ணெய் சிந்திய தட்டுகளையும் நீங்களே ஒதுக்கிவைத்தீர்கள்.

அந்த மரத்தை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தவர் தெருமுனையில் கதவு, நிலை செய்யும் தச்சர் ஐயா. உங்களுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் கடப்பாறையால் பலகையை நெம்பப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். பேலட்டில் அடிக்கும் ஆணி முறுக்கு ஆணி, நெம்பினால் ஆணி வராது, பைன் பலகைதான் பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் ஆக்ஸா பிளேடை விட்டு ஆணியையே அறுத்தால் பலகை முழுதாகக் கையில் வரும். ஸ்க்ரூ போடுவதற்கு முன்னால் அதைவிடச் சன்னமான பிட்டால் வழி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் வெடிக்கும். 80-ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து 120, அப்புறம் 220 என்று போக வேண்டும், எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். இதெல்லாம் உங்கள் வாயால் கேட்டது. தங்கை தேய்த்த பலகையை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்து, "இங்க இன்னும் முள் இருக்குது பாப்பா" என்று காட்டிய இடத்தில் உண்மையிலேயே சிலாம்பு இருந்தது. கைத்தொழிலுக்கு இவ்வளவு மரியாதை உள்ள ஒருவரிடம் கற்றது எங்கள் பாக்கியம். முழுத் தட்டுகள் இரண்டு கூடத்தில் திவானாக இருக்கின்றன. மேலே இலவம்பஞ்சு மெத்தை. பிரித்த பலகைகள் மேசையும் அலமாரியும் ஆகிவிட்டன.

மேசைக்குக் கால் தந்தவர் உக்கடத்துப் பழைய இரும்புக்கடை பாய். தையல் மெஷின் போய் ஸ்டாண்டு மட்டும் நின்ற அந்த வார்ப்பிரும்புக் கால்களை எடைக்கு எடை போட்டுக் கொடுத்தீர்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. "தங்கச்சி படிக்கறதுக்குன்னா நல்லபடியா வெச்சுக்கங்கம்மா" என்று சொல்லி, துரு எடுக்கக் கம்பி பிரஷ்ஷும் இனாமாகக் கொடுத்தீர்கள். அவள் இந்த செமஸ்டருக்கு அந்த மேசையில்தான் படித்தாள் பாய்.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு நன்றி. டிரில் மெஷினைக் கடன் தந்தாய். சுவிட்சு பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடவே கூடாது, உள்ளே வயர் ஓடும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாய். சிவப்புத் தூள் கொட்டினால் செங்கல், சாம்பல் நிறத்தில் கொட்டினால் கான்கிரீட், வெறும் பூச்சுத் தூளாகவே கொட்டினால் இன்னும் ஆழம் போக வேண்டும் என்றாய். பளீர் வெள்ளை 6500 கெல்வின் பல்புகளைச் சமையலறைக்கு விட்டுவிட்டு, கூடத்துக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் மாட்டச் சொன்னதும் நீதான். பனையோலைக் கூடையைக் கவிழ்த்துச் செய்த எங்கள் விளக்குக்கு, ஓலையில் பல்பு படாமல் தள்ளி நிற்கும்படி ஹோல்டரைப் பொருத்திக் கொடுத்தாய்.

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? கடையில் திரைச்சீலை விலை கேட்டு வெறுங்கையோடு வந்தோம். "வீட்டுல பழைய காட்டன் சேலை இல்லையா?" என்று ஒரே கேள்வி கேட்டீர்கள். அம்மா பவானியிலிருந்து நான்கு சேலைகளை அனுப்பினார். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டினால் ஆளுக்கு ஒன்பதடியாக இரண்டு துண்டு. பால்கனிக் கதவு ஏழடி. மேலே கம்பி நுழைய, கீழே கனமாக நிற்க மடித்துத் தைத்தபிறகும் துணி மிஞ்சியது. அது தலையணை உறைகள் ஆயின. திரையின் அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் மூடியபிறகும் சுருக்கம் அழகாக நிற்கும் என்று சொல்லி, எங்களையே மெஷினில் உட்கார வைத்தீர்கள். அந்தச் சேலைகளில் ஒன்று, நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று அம்மா கட்டிவந்தது. அதை வெட்டத் தயங்கி நின்றபோது, முந்தானை முழுதாகத் தெரியும்படி தைத்துக் கொடுத்தீர்கள். அம்மா வந்து பார்த்துவிட்டு நெடுநேரம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பவானியில் இருக்கும் பெரியப்பாவுக்கு: குழித்தறியில் நீங்களே நெய்த ஜமக்காளத்தைச் சுருட்டி, பஸ்ஸில் தோளில் சுமந்து வந்தீர்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை போட்ட அது எங்கள் கூடத்துத் தரையை நிறைத்துக் கிடக்கிறது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்று ஒதுக்கிவைத்த ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் தறியில் உட்கார இளவட்டங்கள் வருவதில்லை என்று நீங்கள் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இது எங்கள் பெரியப்பா நெய்தது என்று சொல்கிறேன். வேலை செய்யும் இடத்தில் மூன்று பேர் உங்கள் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். கூச்சப்படாமல் சரியான விலை சொல்லுங்கள் பெரியப்பா.

பெயிண்ட் வாசனைக்கு எங்கள் வீட்டில் படுக்க முடியாத இரவுகளில் இடம் தந்த எதிர்வீட்டு ஆண்ட்டிக்கும், மணிபிளான்ட் கொடி வெட்டிக் கொடுத்த முதல் மாடித் தாத்தாவுக்கும், காலி பெயிண்ட் வாளிகளில் மீனும் மயிலும் வரைந்து தொட்டியாக்கிய குடியிருப்புக் குட்டிகளுக்கும் எங்கள் அன்பு. தாத்தா, கொடி இப்போது பால்கனிக் கம்பியைத் தொட்டுவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அம்மா பணியாரம் சுடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டாம் மாடியில் காலியாக இருக்கும் பக்கத்து வீட்டுக்கு அடுத்த மாதம் யாரோ குடிவரப் போவதாகக் கேள்விப்பட்டோம். ரோலர், சுரண்டும் தகடு, மிச்சமிருக்கும் உப்புத்தாள், அரை பாட்டில் ஸ்டெய்னர் எல்லாம் எங்கள் பரணில் இருக்கின்றன. அவர்களிடம் சொல்லிவையுங்கள். வந்து எடுத்துக்கொள்ளட்டும், கூடவே நின்று சுரண்ட நாங்களும் வருகிறோம்.

அன்போடும் நன்றியோடும்,
இரண்டாம் மாடி அக்காவும் தங்கையும்