அப்பா வழி மட்டும்தான் வம்சமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மரபணுக் கட்டுரையில், ‘எம்130 என்ற அடையாளம் மதுரைப் பக்கத்துச் சாதி ஒன்றுதான் முதல் இந்தியர் என்று நிரூபித்துவிட்டது’ என்ற வரியை என்னால் தாண்ட முடியவில்லை. எம்130 என்பது ஒய் குரோமோசோமில், அதாவது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் குரோமோசோமில், காணப்படும் ஒரு மாற்றம். தேனி மாவட்டத்தில் 28 வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த மாதிரி ஒரு வரி வகுப்பறையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

எம்130 பற்றி டிவியில் படம் வந்த சமயம், பத்தாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ‘யார் முந்தி வந்தவன்’ என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “டீச்சர், எனக்குத்தான் ஒய்யே இல்லையே, அப்ப நான் எங்க வம்சத்துல சேர்த்தி இல்லையா?” என்றாள். கேலிக்குக் கேட்கவில்லை, முகம் வாடியிருந்தது. அன்று கரும்பலகையில் அவளுக்கு இரண்டு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டி என்று போட்டுக்கொண்டே போனேன். பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வரலாம், அவ்வளவுதான். அவள் அண்ணனின் ஒய் குரோமோசோம் பேசுவது அத்தனை பேரில் ஒரே ஒரு ஆணைப் பற்றி. பலகையில் அந்த ஒரு கோட்டை மட்டும் சிவப்புச் சாக்பீஸால் இழுத்துக் காட்டினேன். தங்கள் கட்டுரையில் அந்தச் சிவப்புக் கோடுதான் இருக்கிறது. பாட்டிமார் ஒருவர்கூட இல்லை.

எம்130 எந்த ஒரு சாதியின் சொத்தும் அல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. அதன் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கின்றன, மங்கோலியரிடமும் இருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய்யைப் பார்த்த ஆய்வு அது. அவர்கள் கணக்கில் நூற்றுக்கு 81 பங்கு, 10,000 முதல் 30,000 ஆண்டுப் பழமையுள்ள, இந்த மண்ணின் பொதுவான தந்தைவழிகள். சமூகங்களுக்குள் வித்தியாசம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அது காட்டில் தேனும் கிழங்கும் தேடிப் பிழைத்தவர்களா, புன்செய்யா, நன்செய்யா என்ற பிழைப்பை ஒட்டித்தான் பெரிதும் பிரிகிறது. அந்தப் பிரிவும் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது என்கிறார்கள். ஒரே தந்தைவழி பல சமூகங்களில் கூடக்குறைய இருக்கிறது. தங்கள் கட்டுரையாளருக்கு இதில் ஒரு வரிகூடவா கண்ணில் படவில்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு தங்கள் இதழில் எங்கள் மலைப்பக்கத்துப் பளியர் பழங்குடிப் பெரியவர் ஒருவரின் படம் வந்தது. கீழே ‘ஆதிமனிதன்’ என்று போட்டிருந்தீர்கள். அவருக்குப் பெயர் இல்லையா, ஊர் இல்லையா? என்னிடம் படித்த பளியர் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று அப்போதே கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. அதற்கு முந்தைய ஒரு கட்டுரையில் மரபணு, குரோமோசோம், டிஎன்ஏ மூன்றும் ஒரே பொருளில் மாறி மாறி வந்ததையும் சுட்டிக்காட்டினேன். அதற்கும் மௌனம்தான். 22 வருடமாகச் சந்தா கட்டி வாங்குகிறவளுக்கு ஒரு அஞ்சலட்டை போடக்கூடவா நேரமில்லை?

சரி, இப்போது கேட்பது இதுதான். அடுத்த இதழில் நான்கு வரியில் திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு வந்த அந்த வரைபடத்தை மறுபடி அச்சிட்டால், அதன் கீழே ‘தந்தைவழி மட்டும்’ என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தேனி மாவட்டம்