சான்றிதழ் வாசல்வரைதான்

ஆசிரியருக்கு,

ஐடி துறையில் நுழையத் தொடக்கநிலைச் சான்றிதழ் தேவையா என்று கேட்பவர்களிடம், ‘எந்த வேலைக்கு?’ என்று திருப்பிக் கேட்பதே சரி. ஹெல்ப்டெஸ்க், நெட்வொர்க் வேலைகளுக்கு அது உதவும். புரோகிராமிங் என்றால், நீங்களே எழுதி ஒழுங்காக ஓடும் இரண்டு புராஜெக்ட்டுகளே மேல்.

கணினிப் பராமரிப்புக்கான தொடக்கநிலைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸ் என்பது ஒரு தேர்வல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 900க்கு முதலாவதில் 675, இரண்டாவதில் 700 வேண்டும். கட்டணமும் தனித்தனி. பழைய பதிப்பில் ஒன்று, புதியதில் ஒன்று என்று கலந்து எழுதினால் சான்றிதழ் கிடைக்காது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 3 ஆண்டுக்குள் புதுப்பிக்கவும் வேண்டும். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏவையும் அப்படியே 3 ஆண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும்.

‘டம்ப்’ கேள்விகளை, அதாவது கசிந்த தேர்வுக் கேள்விகளை, மனப்பாடம் செய்வது வீண். பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகலாம். பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் சாயம் வெளுத்துவிடும். ‘ஒரு விண்டோஸ் கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது, ஏன்?’ என்று கேட்டால், ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்பதோடு நிறுத்தாமல், கேபிள், சுவிட்ச் போர்ட்டின் விலான் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு), டிஹெச்சிபி சர்வீஸ் என்று வரிசையாகச் சோதிக்கத் தெரிய வேண்டும். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மெஷின்களை இணைத்து, டிஹெச்சிபியை நிறுத்திப் பார்த்தவருக்கு இது மறக்காது. அந்த மென்பொருள் இலவசம்.

பணம் கட்டுமுன், விரும்பும் வேலைக்கான 20 விளம்பரங்களைப் படியுங்கள். எத்தனையில் அந்தச் சான்றிதழின் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றில்தான் என்றால், பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

– ஒரு நெட்வொர்க் பொறியாளர்