வெள்ளிக்கிழமைத் தாளில் விடை வேண்டாம்

லண்டன் யூதப் பள்ளிகளின் தோரா ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் பள்ளிகளில் ஒன்றில் கணக்கு எடுப்பவன் நான். யூதன் இல்லை. தோராவைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஆனால் காலையில் உங்களிடம் படித்த அதே பிள்ளைகள்தான் மதியம் என்னிடம் வருகிறார்கள். பக்கத்து வகுப்பு வாத்தியார் என்ற உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பராஷா தாளில் விடைகளை அச்சிடாதீர்கள். (ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். இங்கே தமிழில் எழுதுவது, 'அங்கே அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் என் நண்பர்களும் படிக்கட்டும் என்றுதான்.)

அவர்களுக்காகச் சுருக்கமாக: யூத வேதமான தோராவின் ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓர் ஆண்டில் ஜெப ஆலயத்தில் வாசித்து முடிப்பார்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு பராஷா. வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு வரை நீளும் ஓய்வுநாளான ஷப்பாத்தில், சாப்பாட்டின்போது பெற்றோர் பிள்ளையிடம் கேட்கட்டும் என்று அந்த வாரப் பராஷாவிலிருந்து பள்ளி சில கேள்விகளைத் தாளில் அடித்துத் தரும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் நடப்பது என்ன? டிசம்பரில் மூன்றரை மணி வாக்கிலேயே ஷப்பாத் விளக்கு ஏற்றியாக வேண்டும் என்பதால் அன்று மதியமே பள்ளி விட்டுவிடும். ஷப்பாத் தொடங்கிவிட்டால் எழுதக் கூடாது. எனவே என் வகுப்பு முடியும் நேரத்தில், கோட்டில் ஒரு கை நுழைந்தும் மறு கை நுழையாமலும் ஒரு பையன் மேசையில் குனிந்திருப்பான். தாளின் அடியில் தலைகீழாக அச்சிட்டிருக்கும் விடைகளைக் கழுத்தைச் சாய்த்துப் படித்து மேலே எழுதிக்கொண்டிருப்பான். இரவு அப்பா கேட்பார், இவன் ஒப்பிப்பான், ஒரு சாக்லேட் கிடைக்கும். அதோடு அந்த வாரத் தோரா முடிந்தது.

இதே பையனைக் காலையில் தல்மூத் வகுப்பில் பார்க்க வேண்டும். (தல்மூத் என்பது பழைய யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த நூல்.) இரண்டு பேருக்கு ஒரு புத்தகம். ஒருவன் ஒரு வரியைப் படித்துப் பொருள் சொல்வான். ஹவ்ருதாக் கூட்டாளி, அதாவது ஜோடியாகச் சேர்ந்து படிப்பவன், 'அதெப்படி?' என்று மேசையைத் தட்டுவான். தாழ்வாரம் வரை சத்தம் கேட்கும். ஒருவருக்கொருவர் மடக்கிப் படிப்பதுதான் உங்கள் மரபு. தல்மூத்தில் ரப்பி யோஹனானின் கதையே இருக்கிறதே. கூட்டாளி ரேஷ் லாகிஷ் இறந்தபின், தேற்றுவதற்காக வேறொரு அறிஞரை அனுப்புகிறார்கள். அவர் யோஹனான் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் காட்டி 'நீங்கள் சொல்வது சரி' என்கிறார். யோஹனானுக்குத் தாங்கவில்லை. ரேஷ் லாகிஷ் என்றால் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், அதில் விஷயம் விரிந்துகொண்டே போகும். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்ல ஒருவர் வேண்டுமா என்று புலம்புகிறார். உங்கள் வெள்ளிக்கிழமைத் தாள் தேற்ற வந்த அந்த ஆளைப் போல இருக்கிறது.

ராஷியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர், பிரான்சின் த்ருவா நகரத்துக்காரர். சிறு பிள்ளைகள் தோராவோடு முதலில் படிக்கும் உரை இவருடையது. தோராவின் முதல் நூலான ஆதியாகமம் 28:5-இல் ஈசாக்கு தன் மகன் யாக்கோபை லாபானிடம் அனுப்புகிறார். லாபான் யார் என்று சொல்லும்போது, 'யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாயான ரெபெக்காளின் சகோதரன்' என்கிறது வசனம். அந்த இரட்டையர் பிறந்த கதையை 25-ஆம் அதிகாரத்திலேயே படித்தாயிற்று. அம்மா யார் என்று இங்கே மறுபடி எதற்கு? ராஷி எழுதுகிறார்: இது நமக்கு என்ன கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பேசாமல் அடுத்த வசனத்துக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எத்தனையோ இடங்களில் உரை எழுதாமல் தாண்டிப் போகிறவர்தான். இங்கே மட்டும் நின்று, தெரியவில்லை என்று எழுதி வைத்தார். அவருக்குப் பின் வந்த உரைகாரர்கள் அந்த ஒரு வரிக்கு எத்தனை விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்! நான் பார்த்த தாளில் இந்த வசனமே இல்லை. விடை இல்லாத கேள்விக்குத் தலைகீழாக எதை அச்சிடுவது?

தாள் என்ற யோசனையே தப்பு என்று நான் சொல்லவில்லை. நெஹாமா லெய்போவிட்ஸ் (1905–1997) ஜெருசலேமில் 1942-இல் தொடங்கி ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாராவாரம் பராஷா தாள் தயாரித்தார். அதில் கேள்விகள் உண்டு, விடைகள் கிடையாது. இங்கே ராஷியை உறுத்தியது எது, மற்றொரு உரைகாரர் ஏன் அவரோடு ஒத்துப்போகவில்லை என்ற வகைக் கேள்விகள். ரொம்பக் கடினமானவற்றுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் வேறு போட்டிருப்பார். விடை எழுதி யார் அனுப்பினாலும் சிவப்பு மையில் திருத்தித் தபாலில் திருப்பி அனுப்புவார். 1956-இல் இஸ்ரேல் பரிசு பெற்றவர். கல்லறையில் பெயரோடு 'ஆசிரியை' என்று மட்டும் எழுதச் சொன்னவர்.

உங்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. பெற்றோர் பலருக்கு ஹீப்ரு அவ்வளவு வராது. பிள்ளை முன்னால் திணறக் கூடாது என்றுதான் விடையைச் சேர்த்தீர்கள். சரி, திணறினால் என்ன? ராஷியே திணறிய இடத்தில் ஓர் அப்பா திணறினால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. இல்லை, கட்டாயம் விடை வேண்டும் என்றால் திங்கட்கிழமை அனுப்புங்கள். அப்புறம், ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்ட நிரப்பிய தாள் வேண்டும் என்கிறீர்கள். காப்பியடித்த முப்பது தாள்களும் ஒரே மாதிரி இருப்பதை அவர்களும் பார்க்கத்தானே செய்வார்கள்?

ஷப்பாத்தில் போன் இல்லை, கணினி இல்லை, விடை தேட கூகுள் இல்லை. 25 மணி நேரம்! கணக்கு வாத்தியாரான எனக்கு அப்படியொரு நேரம் கிடைத்தால் ஒரே ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பேன். அந்தக் கேள்வி சாப்பாட்டு மேசையில் பாட்டியிடம் போகும், ஜெப ஆலயத்துக்கு நடக்கும் வழியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் போகும். நீங்களோ மேசைக்குப் போகும் முன்பே அதை முடித்து அனுப்புகிறீர்கள்.

28:5 வருவது தோல்தோத் பராஷாவின் கடைசியில், நவம்பர் வாக்கில். அந்த ஒரு வாரம் மட்டும் சோதித்துப் பாருங்களேன். வசனம், ராஷியின் அந்த ஒரு வரி, கீழே வெற்றிடம், அவ்வளவுதான். தாளை ஷப்பாத் முடிந்தபின் நிரப்பினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை பேசி முடிக்க உங்கள் பாடவேளை போதாவிட்டால் மதியம் என்னுடையதிலிருந்து இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னத்தை அடுத்த நாள் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியர்