ஏற்றுமதி இலக்குக்கு ஆட்கள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியாவின் மொத்த ஏற்றுமதி 2024-25இல் 82,000 கோடி டாலரைத் தாண்டியதை மத்திய வர்த்தகத் துறை சாதனையாக முன்வைக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி பெரும்பாலும் சேவைத் துறை தந்தது என்பதையும், 2022-23இல் சுமார் 45,100 கோடி டாலராக இருந்த சரக்கு ஏற்றுமதி 43,700 கோடி டாலர் அளவில் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னலாடை, தோல், இறால் என லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுவது சரக்கு ஏற்றுமதிதான்.

2030க்குள் 2 லட்சம் கோடி டாலர் என்று இலக்கு வைத்த 2023ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை, மாவட்டங்களை ஏற்றுமதி மையங்களாக்கும் பணியை ஆட்சியர் தலைமையிலான குழுக்களிடம் ஒப்படைத்திருக்கிறது. வெள்ள நிவாரணம் முதல் தேர்தல் வரை அனைத்தையும் சுமக்கும் ஆட்சியர் இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? பின்னலாடை நகரான எங்கள் திருப்பூருக்கே ஏற்றுமதி, இறக்குமதி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் மண்டல அலுவலகம் கோவையில்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, மாற்றுச் சந்தைக்கு வழி கேட்க இடமின்றித் தவித்த சிறு உற்பத்தியாளர்களை நான் நேரில் கண்டேன்.

எனவே, வெளிநாட்டுத் தர நிபந்தனைகளும் வர்த்தக ஒப்பந்தங்கள் தரும் வரிச் சலுகைகளும் அறிந்த முழுநேர அலுவலர் ஒருவரையேனும் மாவட்டந்தோறும் முதலில் நியமிக்க வேண்டும். ஏற்றுமதிக் கண்காட்சி அரங்குகளுக்கான செலவு அதற்குப் பின் வரட்டும்.

- ஒரு வாசகர், திருப்பூர்