மனை போடுவதற்கு முன்னால் வெள்ளம் ஏறிய உயரத்தைச் சொல்லுங்கள்: கடலூர் ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்: மஞ்சக்குப்பம் பகுதி மக்கள், கடலூர்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர் மாவட்டம்.

பொருள்: 2015, 2024 வெள்ள அளவுகளை சர்வே எண் வாரியாக வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூரில் வீட்டு மனை வாங்க வருகிறவர்களிடம் பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம், புதுச்சேரி எத்தனை நிமிடம் என்றெல்லாம் சொல்கிறார்கள். அந்த இடத்தில் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்று சொல்வாரில்லை. அதை அரசுதான் சொல்ல வேண்டும்.

நம் ஊர் இருக்கும் இடம் அப்படி. கிழக்கே கடல், அந்தப் பக்கம் ஊர் நகர வழியே இல்லை. வடக்கே தென்பெண்ணை, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவில் கெடிலம், தெற்கே முதுநகர் பக்கம் உப்பனாறு, அதைத் தாண்டினால் சிப்காட் தொழிற்பேட்டை. மேடு என்று சொல்லிக்கொள்ள கேப்பர் மலை இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஊர் பெருகப் பெருக வீடுகள் ஆற்றை ஒட்டிய வயல்களில்தான் இறங்குகின்றன.

எத்தனை பேர் பெருகியிருக்கிறோம் என்பதற்கும் சரியான கணக்கு இல்லை. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் 1,73,636 பேர். 2021ல் கணக்கெடுப்பு நடக்கவில்லை, ஆனால் அதே ஆண்டில் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சி ஆனதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வடிகாலும் சாலையும் திட்டமிட்டால் எப்படிப் போதும்?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது நடந்தது தங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கும். இங்கே பெய்த மழை போதாதென்று, மேலே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் சாத்தனூர் அணை நிரம்பி விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, மறுநாள் இங்கே நாணமேடு, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, தாழங்குடா எல்லாம் தண்ணீரில் நின்றன. அதாவது நம் தெருவில் மழையே பெய்யாவிட்டாலும் வீடு மூழ்கும், இது வெளியூரிலிருந்து வந்து கடன் வாங்கி மனை வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே 2015லும் 2024லும் தண்ணீர் எதுவரை வந்தது, எவ்வளவு உயரம் நின்றது என்பதை சர்வே எண்ணோடு வரைபடமாக்கி, மாநகராட்சி அலுவலகத்திலும் ஒவ்வொரு விஏஓ அலுவலகத்திலும் ஒட்ட வேண்டுகிறோம். புது லேஅவுட்டுக்கு ஒப்புதல் கேட்டு வருகிற விண்ணப்பத்தில் இந்த அளவைக் கட்டாயமாகக் காட்டச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்ப்பதாக இருந்தால் அங்கேயும் முதலில் இந்த வேலை முடியட்டும், அப்புறம் மனைப் பிரிவு. வாய்க்கால்களை அளந்து இரண்டு கரையிலும் கல் நட்டுவிட்டால் பிறகு தகராறே வராது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் மீனவர்களையும் கூலி வேலை செய்பவர்களையும் காலி செய்யச் சொல்வதற்கு இந்த வரைபடம் காரணமாகிவிடக் கூடாது. அவர்களுக்குத் தேவை உயரமான கரையும், அணை திறக்கும் முன்பே வந்து சேரும் எச்சரிக்கையும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் குறைந்தது தென்பெண்ணைக் கரை ஊர்களின் வரைபடமாவது வெளிவர உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் பகுதி மக்கள்